கண்ணாடிக்கு அடியில் ஒரு வீடு

திருச்சி பாலக்கரையில் ஒரு ரெக்சின் கடை. அதன் பக்கவாட்டுப் படிக்கட்டு ஏறி முடிகிற இடத்தில் ‘ஓரம்’ பதிப்பகம் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. முதல் எழுத்து கீழ்ப்படிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும், இரண்டாவது பாதி வழியில். மூன்றாவது எழுத்தைப் பார்க்கும்போது கதவைத் தட்டிக்கொண்டிருப்போம்.

அங்கே காட்சிக் கவிதைகள் மட்டுமே புத்தகமாயின. எழுத்துகளை வரிக்கு வரி அடுக்காமல், பக்கத்தில் உருவமாக நிறுத்திக் காட்டுகிற கவிதைகள். பழைய புலவர்கள் பாட்டைத் தேராகவும் பாம்பாகவும் கட்டினார்கள். இவர்கள் மின்கம்பியாகவும் ஆஸ்பத்திரிக் கட்டிலாகவும் குழாயடி வரிசையாகவும் கட்டினார்கள். வாங்குகிறவர்கள் குறைவு. வாங்கியவர்களிலும் சிலர் அச்சுப் பிழை என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

கோதண்டமும் அப்படித் திருப்பித் தர வந்தவர்தான்.

நாளிதழ் ஒன்றில் பக்கம் கட்டியே தலை நரைத்து, ஓய்வு பெற்றிருந்தார். புத்தகக் கண்காட்சியில் வாங்கிய புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி படியேறினார். பக்கத்தின் மூலையில் ஒரே ஒரு சொல் இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை.

பதிப்பகத்தை நடத்திய அமலோற்பவம் அப்போது கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து வேலையை விட்டவர். எல்லோருக்கும் அவர் டீச்சர். கோதண்டத்தைவிட வயதில் இளையவர்.

“இதுல மேட்டர் விழல,” என்றார் கோதண்டம்.

“விழுந்திருக்கே. மூலையில.”

“மிச்சம்?”

“மிச்சமும் விழுந்திருக்கு.”

“எங்க பேப்பர்ல இவ்வளவு இடத்தை வெள்ளையா விட்டா ஆசிரியர் என்னை வெட்டிப் போட்டிருப்பாரு. எதுக்குங்க இவ்வளவு வெற்றிடம்?”

அறையில் ஒரே நாற்காலி இருந்தது. டீச்சர் புத்தகக் கட்டு ஒன்றைத் தூக்கி அதன்மேல் வைத்தார். அதற்கு மேல் இன்னொன்று.

“வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க சார்.”

“எங்க உக்கார்றது?”

டீச்சர் அடுத்த கட்டைக் கையில் எடுத்தார். கோதண்டம் நாற்காலியைப் பார்த்தார். கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு கட்டுகளைத் தானே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

“ஓய்வெடுக்காம இங்க எதுக்கு சார் வர்றீங்க?” என்று டீச்சர் கேட்டார்.

“படிக்க வர்றேன். எனக்குப் படிக்கத் தெரியும்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டேன்.”

“ஃபீஸ் கட்ட முடியுமா?”

“முடியாது.”

“அப்ப கூட்டிப் பெருக்குங்க.”

கோதண்டம் பெருக்கினார். பெருக்கும்போதுதான் அந்தக் கயிற்றைக் கவனித்தார். கிழக்கு ஜன்னலுக்குக் குறுக்கே துணி காயப்போடுகிற மாதிரி ஒரு நைலான் கயிறு. அதில் துணிக்கு மாட்டுகிற கிளிப்புகள். பதிப்பகத்துக்கு எந்தக் கவிதை வந்தாலும், அது வந்த தாளோடு முதலில் அந்தக் கயிற்றில் தொங்கும். எழுதியவர் அவசரப்பட்டாலும் சரி, டீச்சர் அதை மேசைக்குக் கொண்டுவர மாட்டார். போகிறபோதும் வருகிறபோதும் பார்ப்பார். சில சமயம் பார்க்காமலும் போவார்.

“எதுக்கு டீச்சர் தொங்க விடுறீங்க?”

“காயட்டும்.”

“மை எப்பவோ காஞ்சிருச்சே.”

“மை காஞ்சிருச்சு,” என்றார் டீச்சர்.

இது பள்ளிக்கூடத்து வாடிக்கை, பிள்ளைகளின் தண்ணீர்வண்ணப் படங்களைக் காயப்போட்ட பழக்கம் விடவில்லை என்று கோதண்டம் முடிவு செய்துகொண்டார். நாளிதழில் அவருக்கு எதற்கும் உடனே முடிவு செய்து பழக்கம்.

ஒரு மழைக்காலத்தில் டீச்சரின் தங்கைக்கு வேலூரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. டீச்சர் துணைக்குப் போனார். போகும்போது, கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு தொகுப்பைக் கழற்றிக் கோதண்டத்தின் கையில் கொடுத்தார்.

“இது ஷரீபாவோட புத்தகம். அவங்க அம்மா போனதுக்கப்புறம் செஞ்சது. நீங்களே முழுசாப் பண்ணுங்க.”

“நானா?”

“கடைசியா ஒரு கவிதை வரணும். அனுப்புறேன்னு சொல்லியிருக்காங்க. வந்ததும் சேத்துக்குங்க.”

ஷரீபா தில்லைநகரில் ஒரு சின்ன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர். அதிகம் பேசாதவர். ஒருமுறை பதிப்பகத்துக்கு வந்தபோது தண்ணீர் கேட்டார், குடித்தார், போனார். அவ்வளவுதான் பேச்சு.

கடைசிக் கவிதை உறையில் வந்தது. தட்டச்சு செய்கிறவர்கள் கார்பன் நகலுக்குச் செருகுகிற மெல்லிய தாள். தொட்டால் சரசரத்தது. ஒரு பக்கத்தில், ‘வீடு’ என்ற சொல்லையே செங்கல் செங்கலாக அடுக்கி ஒரு வீடு. கூரை உண்டு, ஜன்னல் உண்டு. வாசல் மட்டும் காலி. தாளைத் திருப்பினால் மறுபக்கத்தில், ‘அம்மா’ என்ற சொல்லைப் பொடி எழுத்தில் சுற்றிச் சுற்றி எழுதிச் செய்த ஒரு பெண் உருவம். கட்டைவிரல் அளவு. சுற்றிலும் வெள்ளை. தலைப்பு எதுவும் இல்லை.

கோதண்டம் அதைக் கயிற்றில் மாட்டப் போனார். கிளிப்பைத் திறந்து கையில் வைத்திருந்தார். ஜன்னலில் மழைக்காற்று. இவ்வளவு மெல்லிய தாள், கிழிந்துவிடும். மனசு கேட்கவில்லை. மேசைக்கு எடுத்துப் போனார்.

டீச்சர் வருவதற்குள் புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. முதல் புத்தகம்.

வடிவமைக்கிற சைமன் தாளை ஸ்கேன் செய்து திரையில் காட்டினான்.

“சார், வாசல்ல ஏதோ அழுக்கு மாதிரி இருக்கு.”

உண்மைதான். வெள்ளையாக இருக்க வேண்டிய வாசலில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது.

“தொடச்சிரு,” என்றார் கோதண்டம். “பளிச்சுனு இருக்கணும்.”

“இந்தப் பக்கத்து அம்மா ரொம்பச் சின்னதா இருக்காங்க சார்.”

“ஆமா. பாவமா இருக்கு. பெருசு பண்ணு. பக்கத்துக்கு நிறையட்டும்.”

பொருளடக்கத்துக்குத் தலைப்பு வேண்டியிருந்தது. முதல் பக்கத்துக்கு ‘வீடு’ என்று வைத்தார். அடுத்ததற்குச் சற்று யோசித்து, ‘தனிமை’ என்று வைத்தார். நாளிதழில் தலைப்பு வைப்பதில் அவருக்கு நல்ல பெயர் உண்டு.

பிறகு தாள். மற்ற புத்தகங்களுக்குப் போடுகிற சாதாரணத் தாள் வேண்டாம் என்று தோன்றியது. ஒரு பெண், செத்துப்போன தாயை நினைத்துச் செய்த புத்தகம். கடையில் இருந்ததிலேயே கனமான தாளைத் தேர்ந்தெடுத்தார். ஒரு பக்கத்து மை மறுபக்கத்தில் துளிகூடத் தெரியாது என்று கடைக்காரர் விரலை வைத்துக் காட்டினார்.

“அதுதான் வேணும்,” என்றார் கோதண்டம்.

மூலத்தாளைத் திருப்பி அனுப்பவில்லை. தன் மேசையில், பச்சைத் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பத்திரமாக வைத்தார். வீட்டுப் பக்கம் மேலே. தினமும் காலையில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதை ஒரு பார்வை பார்ப்பார். பிறகுதான் மற்ற வேலை.

டீச்சர் வேலூரிலிருந்து திரும்பியபோது புத்தகம் கட்டாகி வந்திருந்தது. கையில் வாங்கி ஒரு தாளை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார்.

“தாள் கனமா இருக்கு.”

“ரொம்பத் தேடி எடுத்தேன் டீச்சர்.”

“ம்.”

ஷரீபாவுக்குப் பிரதிகள் போயின. அவர் போன் செய்தார்.

“புத்தகம் வந்துச்சு சார்.”

“எப்படிம்மா இருக்கு?”

போனில் பக்கம் புரள்கிற சத்தம் கேட்டது. பிறகு, “தாள் ரொம்ப நல்லாயிருக்கு சார்,” என்றார்.

கோதண்டம் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

புத்தகத்துக்கு இதுவரை ‘ஓரம்’ பார்க்காத வரவேற்பு. ஒரு வார இதழ் ‘தனிமை’யைப் படமாகவே எடுத்துப் போட்டு, தாயின் தனிமையை இவ்வளவு பெரிதாக யாரும் நிறுத்திக் காட்டியதில்லை என்று எழுதியது. கோதண்டம் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார். மதுரையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு அழுதார். கோதண்டம் அவருக்கு ஷரீபாவின் எண்ணைக் கொடுத்தார்.

ஷரீபா இன்னொரு முறை போன் செய்தார்.

“சார், அந்தத் தாள் இருக்குதுங்களா? நான் எழுதிக் குடுத்தது.”

“இருக்கும்மா! எங்க போயிரும்? என் மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சிருக்கேன். தினம் பாக்குறேன்.”

“ஓ. கண்ணாடிக்கு அடியிலயா?”

“ஆமாம்மா. தூசி தும்பு படாது. வேணுமா?”

“இல்ல சார். பத்திரமா இருந்தாச் சரி.”

அதன் பிறகு அவரிடமிருந்து கவிதை எதுவும் வரவில்லை. டீச்சர் ஒருமுறை, “ஷரீபா ஏதாச்சும் அனுப்புனாங்களா?” என்று கேட்டார். “வேலை அதிகம் போல,” என்றார் கோதண்டம்.

மறு கோடையில், கோதண்டம் படிக்கட்டில் சறுக்கி முழங்கால் வீங்கியது. ரெக்சின் கடைக்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். தில்லைநகர் மருத்துவமனையில் எக்ஸ்ரே அறைக் கதவைத் திறந்தது ஷரீபா.

“வாங்க சார். காலை நீட்டுங்க. அசையக் கூடாது.”

அவ்வளவுதான். தெரிந்தவர் என்ற சிரிப்பு இருந்தது. பேச்சு இல்லை. படம் எடுத்தார், உள்ளே போனார், ஃபிலிமோடு வந்தார். உறையில் போடுவதற்கு முன் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். கோதண்டம் அந்தப் பக்கம், ஜன்னலோரத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்தது ஃபிலிமின் முதுகை. அதிலும் அவருடைய முழங்கால் எலும்பு தெரிந்தது.

“ஒடையலைல்லம்மா?”

“டாக்டர் சொல்லுவாரு சார்.”

“நீ பாத்தியே, சொல்லேன்.”

“நாங்க சொல்லக் கூடாது சார். படத்தைக் குடுக்குறதோட சரி.”

அவர் மறுபடியும் ஒருமுறை ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கத்தைப் பார்த்தார், திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தார். கைக்குப் பழகிப்போன வேலை. நாள் முழுக்க அவருக்கு அதுதான் வேலை.

கோதண்டம் பலகையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

“வலிக்குதா சார்?”

“இல்லம்மா.”

டாக்டரைப் பார்க்காமலே ஆட்டோ ஏறினார். வீங்கின காலோடு பதிப்பகப் படியேறி, மேசை மேலிருந்த கட்டுகளையெல்லாம் தரையில் இறக்கினார்.

“என்னாச்சு சார்?” என்று டீச்சர் வந்தார்.

“கண்ணாடியைத் தூக்கணும். ஒரு கை பிடிங்க.”

இருவரும் தூக்கினார்கள். தாளின் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கோதண்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை விடுவித்தார். நொண்டிக்கொண்டே ஜன்னலுக்குப் போனார். கயிறு அங்கேதான் இருந்தது. ஒரு கிளிப்பை எடுத்து மாட்டினார். இன்னொன்றை டீச்சர் மாட்டினார்.

வெயில் தாளுக்குள் வந்தது.

வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நிலைப்படிக்குச் சரியான உயரம். ஒரு கை கதவு நிலையில் இருந்தது. யாரோ வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நிற்பு. ஜன்னல் காற்றில் தாள் லேசாக அசைந்தபோது அவளும் அசைந்தாள்.

தாள் கிழியவில்லை.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

“நான் அச்சான புத்தகத்தைத்தான் பாத்தேன்,” என்றார். “இது வந்ததும் தொங்க விடலையா?”

“இல்ல டீச்சர். காத்துல கிழிஞ்சிரும்னு…”

“ம்.”

“வாசல்ல அழுக்கு இருக்குன்னு சைமன் சொன்னான். நான்தான் தொடைக்கச் சொன்னேன்.”

டீச்சர் திரும்பித் தாளைப் பார்த்தார்.

“பாவமா இருக்குன்னு பெருசு பண்ணச் சொன்னேன். நல்ல தாளாப் போடணும்னுதான்… நான் கெட்டது ஒண்ணும் நினைக்கல டீச்சர்.”

“தெரியும் சார். கெட்டது நினைச்சிருந்தா இவ்வளவு நேர்த்தியா வந்திருக்காது.”

கோதண்டம் சுவரில் ஒட்டியிருந்த வார இதழ்த் துண்டைப் பார்த்தார். எழுந்து போய் அதைக் கிழித்தார். முழுசாக வரவில்லை. ‘தனிமை’யின் பாதி சுவரிலேயே தங்கிவிட்டது.

“பேப்பரா இருந்தா மறுநாள் வருத்தம் தெரிவிச்சு ஒரு பெட்டி போட்டுருவோம்,” என்றார். “அத்தோட முடிஞ்சிரும். இங்க என்ன செய்யிறது?”

“போய்ட்டு வாங்க.”

“போய் என்ன சொல்றது?”

“சொல்லணும்னு போவாதீங்க,” என்றார் டீச்சர்.

ஷரீபாவின் வீடு ஆழ்வார்தோப்பில், சந்துக்குள். கோதண்டம் தாளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனார். ஷரீபா கதவைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டில், விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. கோதண்டம் அதன் விளிம்பில் உட்காரப் போனார். ஷரீபா சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இதுல உக்காருங்க சார். கால் எப்படி இருக்கு?”

“பரவாயில்லம்மா. இதக் கொண்டாந்தேன்.”

ஷரீபா தாளை வாங்கினார். மேசையில் வைக்கவில்லை. கை தானாக உயர்ந்தது. முற்றத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

“சரியாத்தான் நிக்கிறாங்க,” என்றார்.

கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்கு நேத்துதான் தெரிஞ்சுதும்மா. நீ ஃபிலிமைத் தூக்கிப் பிடிச்சப்ப.”

“நான் வேணும்னு பிடிக்கல சார். பழக்கம்.”

“அனுப்புறப்பவே ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே. புத்தகம் வந்தப்பவாவது போன்ல திட்டியிருக்கலாம்.”

“என்னன்னு சார் திட்டுறது? நீங்க அவ்வளவு சந்தோஷமாப் பேசுனீங்க.” ஷரீபா லேசாகச் சிரித்தார். “அதுவும் போக, படத்தைக் குடுக்குறதோட சரின்னே பழகிப்போச்சு. உள்ள என்ன இருக்குன்னு பாக்குறவங்கதான் சொல்லணும்.”

“அந்தத் தாள் இருக்கான்னு ஒருதரம் கேட்டியே.”

ஷரீபா தரையில் உட்கார்ந்தார். தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

“அத்தாவுக்காகக் கேட்டேன்.”

“அப்பாவுக்கா?”

“எங்க அத்தாவுக்குப் படிக்கத் தெரியாது சார். நான் புத்தகம் எழுதுறேன்னு பள்ளிவாசல்ல எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. ‘அதுல என்னா இருக்கு?’ன்னு கேட்டா முழிப்பாரு. அவருக்குப் பாத்ததும் புரியிற மாதிரி ஒண்ணு செய்யணும்னு நினைச்சேன். அம்மா போனதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் வாசலைப் பாத்துத்தான் உக்காந்திருப்பாரு. அவரு வேலை விட்டு வர்றப்ப அம்மா அங்கதான் நிக்கும்.”

கோதண்டம் கட்டிலைப் பார்த்தார்.

“புத்தகம் வந்துச்சு. ‘உங்க வீடு இருக்கு, பாருங்கத்தா’ன்னு விரிச்சுக் காட்டுனேன். தடவிப் பாத்தாரு. ‘வீடு நல்லாருக்கு, ஒங்கம்மா எங்க?’ன்னாரு. எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல. தாளைத் திருப்பிக் காட்டுனேன்.”

“பெருசா…”

“ஆமா. பெருசா, ஒத்தையா. ரொம்ப நேரம் பாத்தாரு. ‘இவள ஏம்மா வெளியில நிக்க வச்சிருக்கே?’ன்னு கேட்டாரு.”

சந்தில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

“அதுக்கப்புறம் புத்தகத்தைக் கேக்கல. அந்தத் தாளையாவது காட்டலாம்னுதான் போன் பண்ணேன். தினம் பாக்குறேன்னு சொன்னீங்க. எப்படிப் பிடுங்கிக்கிறது? வேற தாள்ல திரும்பச் செஞ்சு பாத்தேன். நிப்பு சரியா வரல. போன நோன்புக்கு முன்னால அத்தாவும் போய்ட்டாரு.”

கோதண்டம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். நாளிதழில் எத்தனையோ சாவுச் செய்திக்குத் தலைப்பு வைத்தவர்.

“சாப்பிட்டீங்களா சார்?” என்று ஷரீபா கேட்டார்.

“அந்தப் புத்தகத்தையெல்லாம் திரும்ப வாங்கிறலாம்மா. கிழிச்சிறலாம்.”

“வேணாம் சார். மதுரையிலேருந்து ஒரு பொண்ணு பேசுச்சே, அதுக்கும் அம்மா இல்ல. அந்தப் பக்கத்தைத் தலைமாட்டுல வச்சிருக்கேன்னு சொல்லுச்சு. அத நான் எப்படித் தப்புன்னு சொல்றது? அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

“இன்னொரு பதிப்பு போடுறோம். மெல்லிய தாள்ல. நீ செஞ்ச மாதிரியே.”

ஷரீபா மறுக்கவில்லை. ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. தாளை மறுபடியும் அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொடுத்தார்.

“முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருங்க சார்.”

“கண்டிப்பாம்மா.”

“கண்ணாடிக்கு அடியில வச்சிராதீங்க.”

கோதண்டம் பதிப்பகத்துக்குத் திரும்பி எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டே கயிற்றில் தாளை மாட்டினார். கேட்டு முடித்த பிறகும் திரும்பவில்லை.

இரண்டாம் பதிப்பு வேலை தொடங்கியது. கோதண்டம் எதிலும் அவசரப்படவில்லை. சைமன் ஸ்கேன் செய்ய வந்தபோது, “இன்னும் தொங்கட்டும்,” என்று திருப்பி அனுப்பினார். “மை காயலையா சார்?” என்று சைமன் சிரித்தான். கோதண்டம் சிரிக்கவில்லை.

தாள் கடைக்குப் போய், ஒவ்வொரு தாளாக எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அதே கடைக்காரர்.

“போன தடவை இருக்குறதுலயே கெட்டித் தாளாக் கேட்டீங்க. இப்ப இருக்குறதுலயே மட்டமான தாளாக் கேக்குறீங்க. நொடிச்சுப் போய்ட்டீங்களா சார்?”

“ஆமாப்பா,” என்றார் கோதண்டம்.

அம்மாவின் உருவம் பழைய கட்டைவிரல் அளவுக்குத் திரும்பியது. இரண்டு தலைப்புகளையும் எடுத்தார். அச்சகத்தில் பக்கத்திலேயே நின்று, முன்பக்கத்து வாசலும் பின்பக்கத்து உருவமும் இம்மியும் விலகாமல் சேர்கிறவரை தாளைத் தாளாகக் கழித்தார். மெஷின்காரர் முணுமுணுத்தார். கடைசியில் ஒரு தாளில் அம்மா வாசலில் நின்றார். அதையே மாதிரியாக வைத்து அடிக்கச் சொல்வதற்கு முன் டீச்சரிடம் கொண்டுவந்தார்.

டீச்சர் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.

“நிக்கிறாங்க,” என்றார்.

பிறகு தாளைக் கீழே இறக்கினார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கோதண்டம் ஒரு வாரம் எழுதி, அடித்து, திருத்தி, சுருக்கிய வரி.

‘இத்தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவும்.’

“இது என்ன சார்?”

“குறிப்பு டீச்சர். ஷரீபாகிட்ட இன்னும் கேக்கல. ஆனா மறுபடியும் ஒருத்தர் ஏமாந்துறக் கூடாதில்ல? மேசையில வச்சுப் படிச்சிட்டுப் போயிருவாங்க. என்னை மாதிரி.”

“ம்.”

“கவிதைக்குக் கீழ விளக்கம் போட்டா உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். ஆனா இது விளக்கம் இல்ல. வழி சொல்றது. ரொம்பச் சின்ன எழுத்துதான். உறுத்தாது.”

டீச்சர் அந்த வரியை மறுபடியும் படித்தார். தாளை அவரிடமே நீட்டினார்.

“யாருக்காக சார் போட்டிருக்கீங்க?”

“பாக்குறவங்களுக்காகத்தான்.”

“ஷரீபாவோட அத்தாவுக்குப் படிக்கத் தெரியாதே சார்,” என்றார் டீச்சர்.

கோதண்டம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாகவே நின்றார்.